கொசுவத்தியில இருந்து ஆரம்பிங்க: வீசிங் இருக்கிற புள்ளைங்க வீட்டுல காத்தை சரி பண்றது எப்படி

என் பொண்ணுக்கு அஞ்சு வயசுல வீசிங் ஆரம்பிச்சுது. ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு எழுந்து உக்காந்துக்குவா, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி கீச்சு கீச்சுனு சத்தம் வரும், நான் அவ முதுகை தடவிக்கிட்டே நல்ல காத்து வரட்டும்னு ஜன்னலை திறந்து விடுவேன். நாங்க இருக்கிறது வியாசர்பாடி. வடகிழக்கால கொடுங்கையூர் குப்பைமேடு, வடக்கால மணலி கம்பெனிங்க, இந்தப் பக்கம் மூலக்கடை ரோட்டுல ராத்திரி பூரா லாரி. அதனால எனக்கு சந்தேகமே இல்ல, எல்லாம் வெளியில இருந்து வர்ற புகைதான், நம்மால என்ன பண்ண முடியும், வீடு மாத்துற அளவுக்கு காசு இல்லையேன்னு அழுதுக்கிட்டு இருந்தேன். அப்போ ஒரு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "வெளிய இருக்கிறது இருக்கட்டும்மா, ராத்திரி தூங்குற ரூமுக்குள்ள என்ன கொளுத்துறீங்க?"

கட்டிலுக்கு அடியில கொசுவத்தி. தினமும். கதவை சாத்திட்டு.

அதுக்கப்புறம் நாலு வருஷமா இதைப் பத்தி படிச்சு, கேட்டு, வீட்டுல செஞ்சு பாத்து கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். வரிசை ரொம்ப முக்கியம்ங்க. நிறைய பேர் எடுத்த எடுப்புல பதினஞ்சாயிரம் ரூபாய்க்கு ஏர் பியூரிஃபையர் வாங்கிட்டு, அதே ரூம்ல கொசுவத்தியும் வெக்கிறாங்க. முதல்ல வீட்டுக்குள்ள நாமளே கொளுத்துறதை நிறுத்தணும், அடுத்து சமையல் புகைய வெளிய தள்ளணும், அப்புறம் ஜன்னலுக்கு நேரம் பாக்கணும், மாஸ்க் பியூரிஃபையர் எல்லாம் கடைசி.

எதுக்கு பயப்படணும்னு மட்டும் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம். பிஎம் 2.5ன்னு சொல்றாங்களே, அது ரெண்டரை மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கிற தூசி. நம்ம தலைமுடி ஒண்ணு அம்பது அறுபது மைக்ரான் தடிமன் இருக்கும், அப்போ அது எவ்ளோ சின்னதுன்னு பாருங்க, மூக்குல இருக்கிற முடிக்கெல்லாம் அது நிக்காது, நேரா நுரையீரல் அடி வரைக்கும் போகும், அதுலயும் ரொம்ப நுணுக்கமானது ரத்தத்துலயே கலந்துடும். அதனாலதான் இருமலோட நிக்காம மாரடைப்பு, ஸ்ட்ரோக் வரைக்கும் போகுது. ஏதாவது எரிஞ்சா இது வரும், விறகு, டீசல், கற்பூரம், குப்பை எதுவா இருந்தாலும் சரி. பிஎம் 10ங்கிறது பத்து மைக்ரான் வரைக்கும் இருக்கிற தூசி, இதை விட பெரிய ரோட்டு மண்ணு, கட்டட வேலை தூசி மாதிரியானதும் அதுல சேரும். இது ரெண்டு போக வாயுங்க இருக்கு. வண்டிப் புகையிலயும் கேஸ் அடுப்பு நெருப்புலயும் வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு, நிலக்கரியும் கந்தகம் இருக்கிற எண்ணெயும் எரிச்சா வர்ற சல்ஃபர் டை ஆக்சைடு, வெயில் நேரத்துல வண்டிப் புகையில இருந்து உருவாகுற ஓசோன், வாசனையே இல்லாம ஆளைக் கொல்ற கார்பன் மோனாக்சைடு. பெயிண்ட், தின்னர், ரூம் ஃப்ரெஷ்னர், அந்துருண்டை இதுல எல்லாம் ஆவியா வர்ற கெமிக்கல் தனி. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன கணக்குப்படி பிஎம் 2.5 வருஷ சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது. நம்ம நாட்டு அளவுகோல் 40. அரசாங்க கணக்குக்குள்ள இருக்குன்னா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் இல்லைங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி

2003ல வந்த ஒரு ஆய்வு, ஒரே ஒரு கொசுவத்தி சுருள் முழுசா எரிஞ்சா வர்ற பிஎம் 2.5, 75ல இருந்து 137 சிகரெட் பிடிச்சா வர்ற அளவுன்னு சொல்லுது. இதை படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல. என் புள்ளை பக்கத்துல யாராவது ஒரு பீடி பத்த வெச்சா சண்டைக்கு போயிருப்பேன், ஆனா நானே என் கையால தினமும் அதை பத்த வெச்சிருக்கேன்.

கொசுவுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க, டெங்கு இருக்கிற ஊர்ல கொசுவை விட்டுடவும் முடியாது. நாங்க பண்ணது: எல்லா ஜன்னலுக்கும் நெட் அடிச்சோம், வெல்க்ரோ ஒட்டுற மாதிரி, கழட்டி துவைக்கலாம். சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வாசக்கதவையும் நெட் இல்லாத கதவையும் சாத்திடுவோம், பொழுது சாயுற நேரம்தான் கொசு கூட்டமா உள்ள வர்ற நேரம், ஏழு மணிக்கு மேல திறந்துக்கலாம். கட்டிலுக்கு பழைய காலத்து கொசுவலை. ஃபேன் கொஞ்சம் வேகமா ஓடினாலே கொசு உக்கார முடியாது. மொட்டை மாடி டயர், தொட்டி, ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி இருக்கிற தண்ணி தட்டு, இதை வாரம் ஒரு தரம் கவுத்து விடணும், ஃப்ரிட்ஜ் தட்டை யாருமே பாக்குறதில்ல. லிக்விட் மெஷின் போட்டா புகை கம்மிதான், ஆனா அதுவும் பூச்சி மருந்துதான், அதனால படுக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஆள் இல்லாத ரூம்ல போட்டுட்டு, படுக்கும்போது ஆஃப் பண்ணிட்டு ஒரு பத்து நிமிஷம் காத்தாட விடுங்க.

சாம்பிராணிதான் எங்க வீட்டுல கஷ்டமா இருந்துச்சு. எங்க அத்தை வெள்ளிக்கிழமை தலைக்கு குளிச்சதும் புள்ளைக்கு தலை காய வெக்க தூபக்கால்ல கங்கு போட்டு சாம்பிராணி காட்டுவாங்க, அதுக்கப்புறம் வீடு பூரா எடுத்துட்டு போவாங்க. "ஏம்மா, சாமிக்கு காட்டுறது கூடவா ஆகாது?"ன்னு கேட்டப்ப அவங்க குரல் உடைஞ்சிடுச்சு. நான் வேணாம்னு சொல்லல. "அத்தை, சாமிக்கு காட்டுங்க, ஆனா பால்கனி கதவு திறந்திருக்கட்டும், புள்ளை மாடியிலயோ பக்கத்து வீட்டுலயோ இருக்கட்டும், அரை மணி கழிச்சு வரட்டும்"னு கேட்டுக்கிட்டேன். ஒத்துக்கிட்டாங்க. தலையை இப்போ துண்டால துவட்டி வெயில்ல காய வெக்கிறோம். புகைன்னா எல்லாம் புகைதான்ங்க, அது நல்ல வாசனையா இருந்தாலும் நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாத்துக்கும் இதே கதைதான். பூஜை ரூம் சின்னதா ஜன்னல் இல்லாம இருந்தா ஊதுபத்திக்கு பதிலா ஒரு சின்ன எண்ணெய் விளக்கோட நிறுத்திக்கோங்க, பூ வாசனையே போதும்.

வீட்டுக்குள்ள சிகரெட் பிடிக்கிறவங்க இருந்தா, பால்கனியில நின்னு பிடிச்சாலும் உள்ள வரும். தெருவுக்கு போகச் சொல்லுங்க. இதுல நான் தாட்சண்யம் பாக்கமாட்டேன், எங்க அண்ணனுக்கும் அதேதான்.

அடுப்படி

காஞ்ச மிளகா வறுக்கும்போது ஹால்ல உக்காந்து டிவி பாக்குறவங்க எல்லாம் இருமுவாங்கல்ல, அதை கொஞ்சம் யோசிச்சு பாருங்க. அடுப்படி காத்து எவ்ளோ வேகமா வீடு பூரா போகுதுன்னு மிளகா நமக்கு காட்டுது. தோசை, அப்பளம், மீன் வறுவல், தாளிப்பு இது எல்லாத்துலயும் இதே மாதிரி எண்ணெய் புகை வருது, மிளகா இல்லாததால யாரும் இருமுறதில்ல, அதனால தெரியறதில்ல. கேஸ் அடுப்பு விறகு அடுப்பை விட ஆயிரம் மடங்கு மேல்தான், விறகு அடுப்புல சமைக்கிற வீட்டுல பொம்பளைங்களும் இடுப்புல இருக்கிற குழந்தையும் சுவாசிக்கிற புகை கொஞ்சநஞ்சம் இல்ல. ஆனா கேஸ் நெருப்புலயும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், அது ஆஸ்துமாவை கிளப்பும், அதனால கேஸ்தானேன்னு அடுப்படி ஜன்னலை சாத்தி வெக்காதீங்க.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கா, அது வேலை செய்யுதான்னு முதல்ல பாருங்க. ஓடுறது வேற, இழுக்குறது வேற. ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து ஃபேன் ஓடும்போது அதோட கம்பி வலை மேல வெச்சு கையை எடுங்க, ஒட்டிக்கிட்டு நின்னா இழுக்குது, கீழ விழுந்தா இழுக்கல. எங்க வீட்டுல விழுந்துச்சு. கழட்டி பாத்தா இறக்கைங்க மேல கால் இஞ்சுக்கு பழுப்பு நிறத்துல பிசின் மாதிரி எண்ணெய் பிசுக்கு, வெளிப்பக்கத்து ஷட்டர் பட்டை மூணும் அதுலயே ஒட்டிக்கிட்டு திறக்கவே இல்ல, அது எத்தனை மாசமா சும்மா சத்தம் மட்டும் போட்டுக்கிட்டு இருந்துச்சோ. சுடுதண்ணி, சோப்புத்தூள், கொஞ்சம் சமையல் சோடா போட்டு ஊற வெச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுசும் போச்சு, ஆனா மாட்டி திரும்ப வெச்சா டிஷ்யூ டப்புனு ஒட்டிக்கிச்சு. கரண்ட்டை மெயின்லயே ஆஃப் பண்ணிட்டு கழட்டுங்க.

இன்னொண்ணு, ஃபேன் காத்தை வெளிய தள்ளணும்னா எங்கிருந்தாவது காத்து உள்ள வரணும். அடுப்படி கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு ஃபேன் போட்டா அது திணறும். அதுக்காக ஃபேனுக்கு பக்கத்துலயே இருக்கிற ஜன்னலை திறந்தா அந்த காத்தையே இழுத்து அதையே வெளிய தள்ளும், புகை அப்படியே நிக்கும். எதிர்ப்பக்கம் ஹால் ஜன்னலை கொஞ்சமா திறங்க, அப்போ காத்து ஹால்ல இருந்து அடுப்படிக்கு போய் வெளிய போகும். அடுப்பு பத்த வெக்கும்போதே போட்டு, சமைச்சு முடிச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஆஃப் பண்ணுங்க. சிம்னி வாங்குறவங்க வெளிய குழாய் போற சிம்னியா பாத்து வாங்குங்க, குழாய் இல்லாம கரி ஃபில்டர் மட்டும் வெச்சு காத்தை திரும்ப அடுப்படிக்குள்ளயே விடுற மாடல் எண்ணெயை கொஞ்சம் பிடிக்கும், வாயுங்களை சரியா பிடிக்காது. குழாய் எவ்ளோ நேரா குட்டையா போகுதோ அவ்ளோ நல்லா இழுக்கும், கடைக்காரர் ரெண்டு மூணு வளைவு போட்டு கொண்டுபோறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

கேஸ் வாசனை வந்தா எந்த சுவிட்சையும் தொடாதீங்க, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், ரெகுலேட்டரை மூடிட்டு ஜன்னலை திறந்துட்டு வெளிய வந்து 1906க்கு போன் பண்ணுங்க.

கார்பன் மோனாக்சைடு

இதை மத்ததோட சேர்த்து எழுத எனக்கு மனசு வரல, ஏன்னா மத்தது எல்லாம் வருஷக் கணக்குல உடம்பை கெடுக்கும், இது ஒரு ராத்திரியில கொல்லும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண்ணு எரியாது. ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல அதை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது ஒட்டிக்கும். ஊட்டி கொடைக்கானல் குளிருக்கு ரூமுக்குள்ள பார்பிக்யூ அடுப்பை கொண்டுபோய் வெச்சு தூங்கினவங்க காலையில எழுந்திருக்கலைன்னு நியூஸ் வருதே, அது இதுதான். கரி கங்கு புகையாம சிவப்பா இருக்கிறப்பதான் ஆபத்தே இல்லைன்னு தோணும், அப்பவும் இது வந்துக்கிட்டேதான் இருக்கும். பிள்ளை பெத்தவங்க ரூம்ல கதவை சாத்திட்டு கங்கு சட்டி வெக்கிற பழக்கம் உங்க வீட்டுல இருந்தா தயவு செஞ்சு நிறுத்துங்க. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருந்தா கழட்டி வெளிப்பக்கம் மாட்டுங்க, புகை போக வழி இல்லாத பாத்ரூம்ல அது இருக்கவே கூடாது. புயல் மழைக்கு கரண்ட் போகும்போது ஜெனரேட்டரை வராண்டா, மூடின கார் பார்க்கிங், மாடிப்படி அடியில வெச்சு ஓட்டாதீங்க. வீட்டுல ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேருக்கு தலைவலி, மயக்கம், வாந்தி வர்ற மாதிரி இருந்தா ஃபுட் பாய்சன்னு உக்காந்திருக்காம முதல்ல எல்லாரும் வெளிய வாங்க, அப்புறம் 108.

ஜன்னலை எப்போ திறக்கிறது

நான் பண்ணின பெரிய தப்பு, விடியக்காலையில ஜன்னலை திறந்தது. காலைக் காத்து சுத்தமான காத்துன்னு நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுல இருந்து மனசுல பதிஞ்சு போயிருக்கு. கிராமத்துல சரியா இருக்கலாம். சென்னையில மார்கழி தை மாசத்துல அது நேர் எதிர். ராத்திரி தரை குளிர்ந்து போய் கீழ இருக்கிற காத்தும் குளிர்ந்துடும், அதுக்கு மேல சூடான காத்து ஒரு மூடி மாதிரி உக்காந்துக்கும், ராத்திரி பூரா வந்த லாரிப் புகை, குப்பை எரிச்ச புகை எல்லாம் அந்த மூடிக்கு கீழயே தேங்கி நிக்கும், வெயில் ஏறி தரை சூடானாதான் மேல கிளம்பும். அந்த நேரத்துல பனி மாதிரி தெரியுதே, அதுல பனி எவ்ளோ புகை எவ்ளோன்னு மூக்குக்கு தெரியும். அதனால குளிர் மாசத்துல வாக்கிங் போறவங்க, முக்கியமா வயசானவங்க, எட்டு ஒம்போது மணிக்கு மேல போங்க, ஜன்னலையும் அப்போ திறங்க.

சென்னைக்கு கடல் கொடுத்த பெரிய வரம் மத்தியானக் கடல் காத்து. பெரும்பாலான நாள் பன்னெண்டு மணி வாக்குல வரும், கோடையில மேலக்காத்து பலமா இருந்தா ரெண்டு மூணு மணி ஆகும், மொட்டை மாடியில காயுற துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். அது வந்ததும் எதிரெதிர் ஜன்னலை ரெண்டையும் திறந்து அரை மணி நேரம் விட்டா வீட்டுல தேங்கின காத்து எல்லாம் மாறிடும். ஆனா இது எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கிடையாது. கடலுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல கம்பெனி இருந்தா அதே கடல் காத்து அந்த புகையை உங்க வீட்டுக்கு கொண்டு வரும். எங்களுக்கு தென்கிழக்குக் காத்து நல்லது, ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து திரும்பினா குப்பைமேட்டு பக்கம் இருந்து வரும், அன்னைக்கு வடக்கு பக்க ஜன்னலை திறக்கிறதில்ல. உங்க வீட்டுக்கு எந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க: பெரிய ரோடு, ஹோட்டல் புகைக்கூண்டு, ஜெனரேட்டர், கட்டட வேலை, குப்பை கொட்டுற மூலை. எந்த ஜன்னல் எப்போன்னு அதுலயே பாதி பதில் வந்துடும். ரோட்டுப் பக்க ஜன்னல் ஓரமா வெள்ளை துணியால துடைச்சு பாருங்க, பின்பக்க ஜன்னலையும் துடைச்சு பாருங்க, ரெண்டு துணியையும் பக்கத்துல வெச்சா உங்களுக்கே தெரியும் புள்ளையோட கட்டிலை எந்த ரூம்ல போடணும்னு. நாங்க அன்னைக்கே மாத்தினோம்.

போன்ல காத்து நிலவரம் பாக்க மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட சமீர் ஆப் இருக்கு. சென்னையில மணலி, கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி இங்க எல்லாம் மிஷின் வெச்சிருக்காங்க, உங்களுக்கு கிட்ட இருக்கிறதை பாருங்க. அதுல காத்து எவ்ளோ கெட்டிருக்குன்னு ஏக்யூஐன்னு ஒரு நம்பர் காட்டும், 100 வரைக்கும் பரவால்ல, 100 தாண்டினாலே புள்ளைங்க, ஆஸ்துமா இருதய நோய் இருக்கிறவங்க வெளிய ஓடி ஆடுறதை குறைக்கணும், 200 தாண்டினா எல்லாருமே. ஒரு குழப்பம் மட்டும் சொல்லிடுறேன், சில ஆப் அமெரிக்க கணக்குல நம்பர் காட்டும், சிலது இந்திய கணக்குல. ஒரே காத்துல பிஎம் 2.5 அறுபது மைக்ரோகிராம் இருந்தா இந்திய கணக்குல 100, அமெரிக்க கணக்குல 150க்கு மேல. ரெண்டு ஆப் ரெண்டு நம்பர் சொல்லுதேன்னு தூக்கி போடாதீங்க, கீழ பிஎம் 2.5 மைக்ரோகிராம் எவ்ளோன்னு தனியா போட்டிருக்கும், அதைப் பாருங்க. அப்புறம் மேல பெரிசா காட்டுற நம்பர் பெரும்பாலும் 24 மணி நேர சராசரி, உங்க தெருவுல இப்போ குப்பை எரிஞ்சா அதுல தெரியாது. மூக்குல புகை நெடி வந்தா ஆப் பச்சை காட்டினாலும் ஜன்னலை சாத்துங்க.

போகி, தீபாவளி, குப்பை எரியுற நாள்

2018 போகி அன்னைக்கு புகைமூட்டத்துல சென்னை ஏர்போர்ட்ல விமானம் இறங்க முடியாம திருப்பி விட்டாங்க, அவ்ளோ மோசம். எல்லாரும் விடியக்காலையில, மூடி போட்ட மாதிரி காத்து நிக்கிற அதே நேரத்துல, டயரும் பிளாஸ்டிக் பாயும் எரிச்சா வேற எங்க போகும். எங்க வீட்டுல போகிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கே எல்லா ஜன்னலும் சாத்தி, வாசக்கதவு அடியில ஈரத்துண்டை உருட்டி வெச்சுடுவோம், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை அட்டை வெச்சு மூடுவோம், காலையில பத்து மணி வரைக்கும் ஊதுபத்தி தாளிப்பு எதுவும் இல்ல, இட்லி மட்டும். ஜன்னல் சாத்தியிருக்கும்போது உள்ள புகை உண்டாக்கினா வெளிய போக வழியே கிடையாது, இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. புகை அடங்கி காத்து அடிச்சதும் எல்லாத்தையும் திறந்துடணும், நாள் பூரா சாத்தி வெக்கக்கூடாது. பழைய துணியையும் டயரையும் மாநகராட்சி ஆளுங்க போகிக்கு முன்னாடியே தனியா வாங்கிக்கிறதுண்டு, குப்பை வண்டி அண்ணன்கிட்ட கேட்டு கொடுத்துடுங்க. தீபாவளிக்கும் இதேதான், இங்க பட்டாசு நேரம் காலையில ஆறுல இருந்து ஏழு, ராத்திரி ஏழுல இருந்து எட்டுன்னு 2018ல இருந்து வெச்சிருக்காங்க, ஆனா வெடிக்கிறது அதோட நிக்கிறதில்ல, வீசிங் புள்ளை இருந்தா இன்ஹேலர் தீர்ந்து போகாம முன்னாடியே வாங்கி வெச்சுடுங்க, அன்னைக்கு மெடிக்கல் ஷாப் மூடியிருக்கும்.

2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைமேடு பத்திக்கிட்டு நாள் கணக்குல எரிஞ்சப்ப பள்ளிக்கரணை வேளச்சேரி பக்கம் இருந்தவங்க பட்ட பாடு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல ரெண்டு மூணு நாள் சொந்தக்காரங்க வீட்டுக்கு குழந்தையையும் வயசானவங்களையும் அனுப்ப முடிஞ்சா அனுப்பிடுங்க, அதை விட நல்ல வழி கிடையாது. குப்பையில எரியுற பிளாஸ்டிக் புகைக்கு மாஸ்க் பாதிதான் தாங்கும். தெருமுனையில யாராவது குப்பை கொளுத்தினா மாநகராட்சி நம்பர் 1913. கூட்டி பெருக்குற அக்காகிட்ட சண்டை போடாதீங்க, பாவம், அந்த புகையில நிக்கிறதே அவங்கதான், வண்டி வராததாலதான் கொளுத்துறாங்க. வண்டி ஏன் வரலைன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணுங்க.

தூசி, பூஞ்சை, பெயிண்ட்

பெருக்குமாறால வறட்டு வறட்டுன்னு பெருக்கினா தூசி எழும்பி ஒரு மணி நேரம் காத்துலயே மிதந்துட்டு திரும்ப அதே இடத்துல உக்காரும். வாசல்ல தண்ணி தெளிச்சு பெருக்குற நம்ம பழக்கத்துல இருக்கிற அறிவை வீட்டுக்குள்ளயும் கொண்டு வாங்க, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு முதல்லயே ஈர மாப் போட்டு துடைங்க, ஃபேன் இறக்கையை பழைய தலையணை உறையை மாட்டி இழுத்து துடைச்சா தூசி கீழ கொட்டாது. பெட்ஷீட் தலையணை உறை வாரம் ஒரு தரம் நல்ல சுடுதண்ணியில. பஞ்சு பொம்மை எல்லாம் கட்டில்ல வேணாம். ஏசி இருந்தா வலையை ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கழுவுங்க, ஆனா ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, உள்ள இருக்கிறதையேதான் சுத்தி சுத்தி குளிர வெக்கும், அதனால படுக்கப் போறதுக்கு முன்னாடியும் எழுந்ததும் ரூமை காத்தாட விடணும்.

மழைக்காலத்துல சுவத்துல கருப்பா புள்ளி புள்ளியா வருமே, அந்த பூஞ்சை வீசிங்குக்கு பெரிய எதிரி. தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அதை அடைக்காம பெயிண்ட் அடிச்சு மறைச்சா ரெண்டு மாசத்துல திரும்ப வரும். பீரோவை சுவத்தை விட்டு நாலு விரல் தள்ளி போடுங்க, ஈரத்துணியை பெட்ரூம்ல காய போடாதீங்க. பூஞ்சையை சோப்பு தண்ணியால துடைங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு, வறட்டு பிரஷ்ஷால தேய்ச்சா வித்து பறக்கும். பழைய வீட்டுல பெயிண்ட் சுரண்டுறதா இருந்தா ஜாக்கிரதை, பெயிண்ட்ல ஈயத்துக்கு கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2017 கடைசியிலதான், அதுக்கு முன்னாடி அடிச்சதுல ஈயம் இருக்கலாம், தண்ணி தொட்டு தேய்க்கச் சொல்லுங்க, குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வீட்டுலயே இருக்க வேணாம்.

மாஸ்க்கும் பியூரிஃபையரும்

வண்டியில போகும்போது துப்பட்டாவை மூக்குல கட்டிக்கிறது மண்ணுக்கு மட்டும்தான், புகைத் தூசி அதுல ஈஸியா புகுந்து வரும். என்95 தான் வேணும், காதுல மாட்டுறதை விட தலைக்கு பின்னாடி ரெண்டு பட்டை போறது நல்லா ஒட்டும். போட்டுக்கிட்டு வேகமா ஊதுங்க, கண்ணுப் பக்கம் காத்து வந்தா மூக்குக் கம்பியை அழுத்தணும். வாயுங்களை அது தடுக்காது. சின்ன குழந்தைங்க முகத்துக்கு சரியா ஒட்டவும் ஒட்டாது, அவங்களுக்கு வழியை மாத்துறதுதான் வழி. பெரிய ரோட்டை விட்டு உள்தெருவுல கூட்டிட்டு போங்க, சிக்னல்ல பஸ் பின்னாடி நிக்காதீங்க, வண்டிப் புகை ரோட்டுல இருந்து சில நூறு மீட்டர் தள்ளி போனாலே நிறைய குறைஞ்சிடும்.

மேல சொன்னது எல்லாம் பண்ணிட்டு கையில காசு இருந்தா மட்டும் பியூரிஃபையர். நுணுக்கமான தூசியையும் பிடிக்கிற ஹெபா ஃபில்டர் இருக்கணும், அயனைசர் ஓசோன்னு பெருமையா போட்டிருந்தா வேணாம், ஓசோனே ஒரு மாசுதான். அளவு பாக்க ஒரு கணக்கு இருக்கு: பத்துக்கு பன்னெண்டு ரூம், பத்தடி உயரம்னா 1200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர், மணிக்கு அஞ்சு தரம் காத்து மாறணும்னா 170 கன மீட்டர், அப்போ டப்பாவுல சிஏடிஆர், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து கொடுக்கும்ங்கிற அளவு, 170க்கு மேல போட்டிருக்கணும். அதையும் நடு ஸ்பீட்ல ஓட்டத்தான் நமக்கு மனசு வரும், சத்தம் தாங்காது, அதனால இன்னும் கொஞ்சம் பெருசாவே வாங்குங்க. ஃபில்டர் மாத்துற செலவை வாங்கும்போதே கேளுங்க. வீட்டுக்கு நடுவுல வெக்காதீங்க, புள்ளை தூங்குற ரூம்ல கதவை சாத்தி ஓட்டுங்க. செடி வெச்சா காத்து சுத்தமாகும்னு நானும் நம்பி பதினாலு தொட்டி வாங்கினேன், ஆனா ஜன்னலை திறக்கிறதுக்கு சமமா வேலை நடக்கணும்னா ஒரு சதுர மீட்டருக்கு பத்துல இருந்து ஆயிரம் செடி வரைக்கும் வேணும்னு 2019ல கணக்கு போட்டு சொல்லிட்டாங்க. செடி கண்ணுக்கு குளிர்ச்சி, அதுக்காக வெச்சுக்கோங்க.

இன்ஹேலரை மட்டும் இதை எல்லாம் பண்ணிட்டோம்னு நீங்களா நிறுத்திடாதீங்க. பழகிடும் பழகிடும்னு பயமுறுத்துறவங்க பேச்சை கேட்டு நான் ஒரு தரம் நிறுத்தி, நடுராத்திரி ஆட்டோ தேடி ஓடினேன்.

கடைசியா ஒரு நோட்டு போடுங்க. நாப்பது பக்க நோட்டு போதும். தேதி, அன்னைக்கு காத்து எந்தப் பக்கம், வீட்டுல என்ன கொளுத்தினோம் என்ன வறுத்தோம், வெளிய புகை இருந்துச்சா, ராத்திரி எத்தனை தரம் இருமினா, இன்ஹேலர் எத்தனை தரம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி. ரெண்டு மாசத்துல உங்க வீட்டுக்கு எது எதிரின்னு அதுலயே தெரிய ஆரம்பிச்சிடும், எங்களுக்கு குப்பைமேட்டை விட அதிகமா மீன் வறுத்த ராத்திரிங்கதான் அதுல மாட்டிச்சு. டாக்டர்கிட்ட போகும்போது அந்த நோட்டை எடுத்துட்டு போங்க, அவங்க கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் அதுல இருக்கும்.